மாதிரி எடுத்துப் போன விஞ்ஞானி ஊருக்குத் திரும்பி வந்து பேச வேண்டுமா?

பென்னாகரம் டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. பொது விவாதத்தில் வந்து பேச வேண்டிய கடமை விஞ்ஞானிகளுக்கு இருக்கிறதா? இல்லை, ஆய்வை ஒழுங்காகச் செய்து கட்டுரை எழுதிவிட்டால் அவர்கள் வேலை முடிந்ததா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். என் வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முன்பல்லில் குறுக்காகப் பழுப்புக் கோடு. சிலருக்குப் பல் முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுப்பு. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போர்த் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்று நீரில், புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் இந்தியத் தரநிலை 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது என்கிறது, வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை விட்டுக்கொடுக்கிறது.

எங்கள் பக்கம் அவ்வப்போது ஆராய்ச்சிக்காரர்கள் வருவார்கள். காரில் ஐஸ் பெட்டி, வரிசையாகப் பாட்டில்கள். போர் எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, எத்தனை வீடு குடிக்கிறது என்று கேட்பார்கள். செல்போனில் இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஊர்க்காரர்களும் மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அதோடு சரி, கிணற்றில் போட்ட கல். பிறகு எப்போதாவது இணையத்தில் தேடினால் ஓர் ஆங்கிலக் கட்டுரை கிடைக்கும். முழுதும் படிக்கக் காசு கட்டச் சொல்லும். காசில்லாமல் தெரிகிற வரைபடத்தில் நம் ஒன்றியம் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புக்குள் குடியிருப்பவர்களுக்கு மட்டும் சேதி போய்ச் சேர்ந்திருக்காது.

போன கிராம சபையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "ஒகேனக்கல் தண்ணி வந்தாச்சே, இனி என்ன?" என்றார் ஒருவர், குழாயில் வரும் காவிரிக் குடிநீர்த் திட்டத்தைச் சொல்லி. "கொதிக்க வெச்சுக் குடிச்சாப் போயிடும்" என்றார் இன்னொருவர். "ஆர்.ஓ. தண்ணி குடிச்சா எலும்புல சத்தே நிக்காது" என்றார் இன்னும் ஒருவர். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே தங்கிச் செறிவு கூடும் என்று சொல்லிப் பார்த்தேன். "டீச்சர் புத்தகத்துல இருக்கறதைச் சொல்றாங்க" என்று முடித்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் போரை அளந்து பார்த்த ஆள் ஒருவர் அன்று அங்கே நின்று, "உங்கள் தெருப் போரில் இவ்வளவு இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் பேச்சு அப்படி முடிந்திருக்காது.

மாதிரி எடுத்துப் போன ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். விழிப்புணர்வு தங்கள் பணி வரம்பில் வராது என்று பதில் வந்தது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். கடமையா, இல்லையா?


அரூர்க்காரன்

கடமைதான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆய்வுக்குப் போகும் பணம் மக்கள் வரி. அரசியலமைப்பில் 51ஏ(எச்) என்று ஒரு பிரிவு இருக்கிறது, 1976-இல் 42-ஆவது திருத்தத்தில் சேர்த்தது. அறிவியல் மனப்பான்மையையும் கேள்வி கேட்கும் குணத்தையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. டீக்கடைக்காரருக்கே அந்தக் கடமை உண்டென்றால், அதையே தொழிலாக வைத்துச் சம்பளம் வாங்குபவருக்கு இல்லையா?

மேகநாத் சாஹா அணுக்களின் அயனியாக்கத்துக்குச் சமன்பாடு தந்தவர். அவரே 1952-இல் சுயேச்சையாக நின்று கல்கத்தாவிலிருந்து மக்களவைக்குப் போனார். அணை, வெள்ளம், தொழில் என்று எல்லாவற்றிலும் வாய் திறந்து பேசினார். அதனால் அவருடைய இயற்பியல் கெட்டுப்போய்விடவில்லை.


ஓசூர் ஷிப்ட்

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், டீச்சர் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். எங்களிடம் அளப்பவனையும் விற்பவனையும் ஒரே அறையில் உட்கார வைக்க மாட்டார்கள். அளப்பவனுக்கு, சரக்கு போக வேண்டும் என்ற ஆசையும் இருக்கக் கூடாது, போகக் கூடாது என்ற ஆசையும் இருக்கக் கூடாது. விஞ்ஞானியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். மேடை ஏறி ஒரு பக்கம் நின்று பேசிவிட்டால், அடுத்த முறை அவர் தரும் அளவையே எதிர்ப்பக்கம் நம்பாது.

கூடங்குளத்தை நினைத்துப் பாருங்கள். 2011 நவம்பரில் கலாம் அவர்களே வந்து, உலை பாதுகாப்பானது என்று சொன்னார். இந்த நாட்டில் அவரைவிட மக்கள் நம்பிய விஞ்ஞானி யார்? போராட்டம் நின்றதா? அதற்கு முந்தைய வருடம், மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய்க்கு அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கூட்டம் போட்டார். படித்த விஞ்ஞானிகளே இரண்டு பக்கமும் நின்றார்கள். ஆதரவாக வந்தவர் ஆதரவாகவே போனார், எதிர்ப்பாக வந்தவர் எதிர்ப்பாகவே போனார். கடைசியில் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார்கள். நல்லதோ கெட்டதோ, அதை முடிவு செய்தது அமைச்சர்.

பேசுவது தனித் திறமை. எல்லா விஞ்ஞானிக்கும் அது வராது. வராதவரைக் கடமை என்று சொல்லி மேடையில் ஏற்றினால் அறிவியலுக்குத்தான் கெட்ட பெயர்.


பாறையும் நீரும்

டீச்சர் சொன்ன அந்த ஐஸ் பெட்டிக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. நிலத்தடி நீர் ஆய்வு என் துறை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் மாதிரி எடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் விஷயம். நம் ஊர்ப் பாறைகள் நைஸ், சார்னோகைட், கிரானைட் வகை. அவற்றில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் மாதிரியான கனிமங்களில் புளோரைடு இருக்கிறது. தண்ணீர் பாறை விரிசலில் எவ்வளவு காலம் தேங்குகிறதோ, அவ்வளவு கரைத்துக்கொள்ளும். காரத்தன்மை கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் உள்ள நீரில் இன்னும் அதிகம் கரையும். முப்பது அடிக் கிணற்றில் குடித்த காலத்தில் ஆண்டுதோறும் மழைநீர் கலந்து ஓரளவு நீர்த்துப்போகும். கிணறு வற்றி, போர் எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று இறங்கிய பிறகு நாம் எடுப்பது வெகுகாலமாகப் பாறையோடு கிடந்த தண்ணீர். யாரோ ஆலைக் கழிவைக் கலந்துவிட்டார்கள் என்று பல ஊர்களில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நம் பக்கத்து புளோரைடு பெரும்பாலும் பாறையிலிருந்து வருவது. இந்த ஒரு விஷயத்தை ஊரில் உட்கார்ந்து சொல்வதற்கே அரை நாள் வேண்டும்.

அப்புறம், ஏன் திரும்பி வருவதில்லை? சோம்பல் என்று நினைக்காதீர்கள். ஆய்வுத் திட்டம் மூன்று வருடம் என்றால், மாதிரி எடுக்கவும் சோதிக்கவும் அது சரியாகிவிடும். முடிவு கையில் வரும்போது வண்டிக்குப் பணம் இருக்காது. மாதிரி எடுத்த மாணவர் பட்டம் வாங்கி வேறு ஊர் போயிருப்பார். பதவி உயர்வுக்கு எண்ணுவது ஆங்கில ஆய்விதழ்க் கட்டுரைகளை. பாலக்கோட்டில் ஒரு தெருவில் நின்று இரண்டு மணி நேரம் பதில் சொன்னால் அதை எழுத விண்ணப்பத்தில் இடமே கிடையாது. 2022-இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, அறிவியலாளரின் சமூகப் பொறுப்பு என்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆளுக்கு ஆண்டில் குறைந்தது 10 நாளாவது சமூகத்துக்காக ஒதுக்க வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் வழிகாட்டுதல்தானே, கட்டாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயம். ஒரு ஊரில் முடிவைச் சொல்லப் போனபோது, உள்ளூரில் செல்வாக்கான ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், வீணா ஜனங்களைக் கிளப்பாதீங்க, மனை விலை விழுந்துடும்" என்றார். என் மேலிடத்துக்கும் போன் போயிற்று. அங்கேயும் எனக்காக யாரும் நிற்கவில்லை.

என் பதில்: கடமை உண்டு. ஆனால் அதை எங்கள் ஒவ்வொருவர் மனசாட்சியின் மேலும் இறக்கி வைத்துவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.


பாலக்கோட்டு விவசாயி

விஞ்ஞானிக்குப் பேச வராது என்று சொன்ன ஓசூர் நண்பருக்கு. எங்கள் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன்.

2004-05-இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் இரண்டு மாவட்டத்திலும் துல்லியப் பண்ணையம் என்று தொடங்கியது. மூன்று வருடத்தில் 400 எக்டேர். சொட்டுநீர்க் குழாய் வழியாகவே உரத்தையும் கரைத்து விடுவது, நாற்றை நிழல்வலைக்குள் குழித்தட்டில் வளர்த்து நடுவது. இன்றைக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளிக்காரர்களுக்கு இது சாதாரணம். அன்றைக்கு யாரும் சேர முன்வரவில்லை. "வாய்க்கால்ல தண்ணி பாயறதைப் பாத்தாத்தான் பயிரு பொழைக்கும், சொட்டுச் சொட்டா விட்டா வேர் என்னத்தைக் குடிக்கும்?" என்று என் அப்பா கேட்டார். வந்த விஞ்ஞானி கோபப்படவில்லை. வரப்பிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொட்டு விழுந்த இடத்தில் களைக்கொத்தியால் பறித்துக் காட்டினார். மேலே கையகலம்தான் ஈரம், கீழே போகப் போகப் பானை வயிறு மாதிரி அகன்றிருந்தது. அப்பா கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்புறமும் ஒத்துக்கொள்ளவில்லை, உப்பு பூத்துக் குழாய் அடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று அடுத்த கேள்வி. அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். அடுத்த வாரமும் வந்தார்.

எனக்கு விவாதம் என்றால் அதுதான். டிவியில் நாலு பேர் கத்துவது இல்லை.

இப்போது நிலைமை என்ன? பூச்சி வந்தால் பதில் சொல்வது மருந்துக் கடைக்காரர். இலையைக் கொண்டுபோய்க் காட்டினால் மூன்று மருந்து சேர்த்துக் கொடுப்பார். விஞ்ஞானி வாயை மூடிக்கொண்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். விற்க ஏதாவது வைத்திருப்பவர் உடனே வந்து உட்கார்ந்துவிடுவார்.


கிராமச் செவிலி

நான் காரிமங்கலம் பக்கம். சுகாதாரத் துறையில் கிராமத்தில் வேலை செய்கிறேன். யாரும் எழுதாத ஒன்றைச் சொல்லவே வந்தேன்.

எலும்பில் புளோரைடு ஏறியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எங்களுக்கு எளிய சோதனை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தரையில் ஒரு காசைப் போட்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்வோம். தாடையை நெஞ்சில் தொடச் சொல்வோம். இரண்டு கையையும் பிடரிக்குப் பின்னால் கோக்கச் சொல்வோம். நாற்பது வயதுகூட ஆகாத ஒரு பெண், காலமெல்லாம் குனிந்து களை எடுத்தவர், காசு வரைக்கும் கை போகாமல் பாதியிலேயே நின்றுவிட்டார். வயசு ஆச்சில்லையா என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அப்படிப்பட்ட ஊரில் பேச்சு என்பது சாதாரண விஷயம் இல்லை. "அந்த ஊர்ப் பொண்ணா, பல்லு மஞ்சளா இருக்குமே, நாளைக்கு எலும்பும் போகுமாமே" என்று சம்பந்தம் தட்டிப்போன வீடுகள் எனக்குத் தெரியும். அதனால் ஊரே சேர்ந்து மறைக்கிறது. ஒரு தடவை பத்திரிகையில் ஊர் பெயரைப் போட்டு, ஒரு பெண் பிள்ளையின் பல்லைப் படம் எடுத்துப் போட்டார்கள். பேட்டி கொடுத்தவர் படித்தவர், எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளை அப்புறம் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று அழுதது. அதற்குப் பிறகு பாட்டிலோடு யார் வந்தாலும் அந்தத் தெருவில் தண்ணீர் கொடுப்பதில்லை.

விஞ்ஞானி பேச வேண்டும், சரி. யாரிடம் முதலில் பேசுவது? நோய் யார் உடம்பில் இருக்கிறதோ அவர்களிடம் பேசிய பிறகுதான் ஊருக்கு, ஊருக்குப் பிறகுதான் உலகத்துக்கு. இந்த வரிசை மாறினால் உண்மையே சொன்னாலும் புண்படும்.


ஓசூர் ஷிப்ட்

செவிலி அக்கா சொன்னதைப் படித்ததும் இத்தாலியில் நடந்தது ஞாபகம் வந்தது. லாக்விலா என்ற ஊரில் 2009 ஏப்ரலில் நிலநடுக்கம், 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தைய வாரம்தான் வல்லுநர் குழு கூடி ஆலோசித்திருந்தது. மக்களைத் தவறாகச் சமாதானப்படுத்திவிட்டார்கள் என்று 2012-இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் ஆறு வருடச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். பேசினால் இதுதான் கதி என்றால் யார் வருவார்?


கறுப்பு அங்கி

கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் வழக்கறிஞர். லாக்விலா கதையில் பாதிதான் வந்திருக்கிறது, மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

மாதக்கணக்கில் சிறு அதிர்வுகள் வந்து ஊரே பயந்திருந்த நேரம். ஆபத்தில்லை, சின்னச் சின்ன அதிர்வாகச் சக்தி வெளியேறுவது நல்லதுதான் என்று தொலைக்காட்சியில் சொன்னவர் குடிமைப் பாதுகாப்புத் துறை அதிகாரி. அதிர்வு வந்தால் வெளியே போய்ப் படுப்பது அந்த ஊர் வழக்கம். அந்தப் பேச்சை நம்பிச் சிலர் அன்றிரவு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள் என்பதுதான் வழக்கின் மையம். 2014-இல் மேல்முறையீட்டில் ஆறு விஞ்ஞானிகளும் விடுதலையானார்கள். அதிகாரியின் தண்டனை இரண்டு வருடமாகக் குறைந்தது, ரத்தாகவில்லை. விஞ்ஞானிகள் பேசியதால் வந்த வினை என்று இதைச் சொல்ல முடியாது. அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் இன்னொருவர் சொன்னபோது, உடனே மக்கள் முன்னால் வந்து "நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது" என்று யாரும் திருத்தவில்லை. என் பார்வையில் கோளாறு அங்கேதான்.

நம் நாட்டில் சட்டத் தடை உண்மையாகவே உண்டு. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. அதில் 9-ஆவது விதிப்படி அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது. மாநில ஊழியர்களுக்கு 1973 விதிகள் இருக்கின்றன. ஆனால் மத்திய விதிகளிலேயே 8-ஆவது விதி, தன் அலுவல் கடமையை நேர்மையாகச் செய்யும் வழியில் ஓர் ஊழியர் புத்தகம் வெளியிடுவதையும் ஊடகத்தில் பேசுவதையும் தடுப்பதில்லை. "உங்கள் போரில் 3 மில்லிகிராம் இருக்கிறது" என்று சொல்வது அறிவியல். "குழாய் போடாத அரசு ஒழிக" என்பது வேறு. முதலாவதைச் சொல்லக்கூட பல பேர் பயப்படுவது விதியால் இல்லை, பழக்கத்தால்.

கடைசியாக சூழலியலாளர் மாதவ் காட்கில் குழு அறிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி 2011-இல் கொடுத்தார்கள். எந்தப் பகுதியை எப்படிக் காப்பது என்பதை உள்ளூர் மொழியில் கொண்டுபோய்க் கிராம சபைகளில் பேசி முடிவெடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அரசு அறிக்கையையே வெளியிடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2012-இல்தான் வெளியே வந்தது. அதற்குள் மலையோர மக்களிடம் "உங்களைக் காலி பண்ணப் போகிறார்கள்" என்ற பேச்சு வேர்விட்டுவிட்டது. எழுதியவர் வந்து சேருமுன் வதந்தி வந்துவிட்டது. இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.


காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

இடையில் ஒரு வார்த்தை. 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டப்பேரவையில் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று அறிவித்தாரே, அது நம் பர்கூர் பக்கம்தான். அன்றிலிருந்து எங்கள் தோப்பில் குத்தகைக்கு வருபவர்கூட, "கரியை வெச்சு வயசு பாக்கறாங்களாமே, இரும்போட வயசும் கரியோட வயசும் ஒண்ணுதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார். எவ்வளவு சரியான கேள்வி! அகழாய்வாளர்களும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நம் பெருமைக்கான விஷயம் என்றால் ஊர் ஊராக வந்து பேச முடிகிறது, தண்ணீர் என்றால் மட்டும் ஏன் முடியவில்லை?


பென்னாகரம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பாறையும் நீரும் மேடம், நீங்கள் எழுதியதை அச்செடுத்து வகுப்பில் வாசித்தேன். "கழிவு இல்லையா மிஸ், கல்லுலேருந்தா வருது?" என்று நம்ப முடியாமல் கேட்டார்கள்.

பள்ளியில் ஒரு சோதனைப் பெட்டி இருக்கிறது. பிள்ளைகளை வீட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். சின்னக் குப்பியில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, சிர்கோனியம் கலந்த சாயக் கரைசலைச் சொட்டாக விட வேண்டும். புளோரைடு இல்லாத நீரில் இளஞ்சிவப்பு அப்படியே நிற்கும். இருந்தால் அது சிர்கோனியத்தைச் சாயத்திடமிருந்து பறித்துக்கொள்ளும், நிறம் மஞ்சளை நோக்கிப் போகும். குப்பியை வெள்ளைத் தாள் மேல் வைத்து, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தெருப் போர்த் தண்ணீர் மஞ்சளாகும் என்று எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் என்று கொண்டுவந்த சில குப்பிகளும் மஞ்சளாயின. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே மேல்நிலைத் தொட்டித் தெரு. விசாரித்தால், காவிரித் தண்ணீர் போதாத நாளில் அதே தொட்டிக்குப் போர் நீரையும் ஏற்றுகிறார்கள். குழாய் ஒன்றுதான், உள்ளே வருவது நாளுக்கு நாள் வேறு. கிராம சபையில் "ஒகேனக்கல் தண்ணி வந்தாச்சே" என்றவரும் பொய் சொல்லவில்லை.

இதை நானோ பிள்ளைகளோ சொன்னால் எடுபடாது. நிற அட்டையில் பார்ப்பது தோராயம்தான், எனக்கே தெரியும். மின்முனை வைத்துத் துல்லியமாக அளந்தவர் வந்து சொல்ல வேண்டும். ஓசூர் நண்பரே, நான் கேட்பது மேடைப் பேச்சு இல்லை, கட்சி எடுப்பதும் இல்லை. ஒரு ஊரின் தண்ணீரையும் நேரத்தையும் நம்பிக்கையையும் வாங்கிப்போய் அதில் அறிவை உண்டாக்கியவர், அந்த அறிவை முதலில் அந்த ஊருக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு உடனே வண்டி ஏறாமல் கேள்விக்கு நிற்க வேண்டும். உலகத்தில் உள்ள எல்லா விவாதத்துக்கும் அவர் வரத் தேவையில்லை. எங்கிருந்து எடுத்தாரோ அங்கே வந்தால் போதும். இதைக் கருணை என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. கடன் என்றே சொல்வேன்.


ஓசூர் ஷிப்ட்

இந்த அளவுக்கு என்றால் எனக்கு மறுப்பு இல்லை. அளந்ததை, அளக்கக் கொடுத்தவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடாதே! "சரி மேடம், இந்தப் போரை மூடலாமா, வேண்டாமா?" என்று கேட்பார்கள். "பஞ்சாயத்துப் பணத்தை ஆர்.ஓ. நிலையத்துக்குப் போடலாமா, தொட்டி பிரித்துக் கட்டலாமா?" என்று கேட்பார்கள். அப்போது விஞ்ஞானி என்ன செய்வார்?


பாறையும் நீரும்

பதில் சொல்வேன். எதுவரை என்பது எனக்குத் தெளிவாகவே இருக்கிறது.

போர் நீரில் எவ்வளவு இருக்கிறது, மழைக்கு முன்னும் பின்னும் எப்படி மாறுகிறது, பக்கத்து ஊர்ப் போரில் ஏன் வேறு மாதிரி, இதையெல்லாம் சொல்வேன். எட்டு வயதுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில்தான் கறை பிடிக்கும், அதனால் சின்னக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நல்ல தண்ணீரை முதலில் ஒதுக்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். இந்தப் போரைக் குடிக்க வேண்டாம், குளிக்க, துவைக்கப் பயன்படுத்தலாம் என்பதையும் சொல்வேன். கால்சியம் உள்ள சாப்பாடு பாதிப்பைக் குறைக்க உதவும். நம் கேழ்வரகில் அது நிறையவே இருக்கிறது, பாலும் கொடுங்கள் என்பேன். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து புளோரைடைப் படிய வைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூர் நீரி ஆய்வகம் 1970-களிலேயே உருவாக்கியது, அதில் என்ன வசதி, கசடு சேருவது போன்ற என்ன தொல்லை என்பதையும் சொல்வேன்.

பணத்தை எதில் போடுவது என்பது சபையின் முடிவு. அங்கே நானும் ஒரு கருத்து சொல்லலாம், ஆனால் "இது என் கருத்து, அளவீடு இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். இவ்வளவு பிரித்துப் பேச ஒரு விஞ்ஞானியால் முடியாதா? முடியும். மாணவர்களிடம் தினமும் அதைத்தான் செய்கிறோம்.

தெரியாததைத் தெரியாது என்று ஊர் முன்னால் சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று என் துறையிலேயே பல பேர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை ஊர்க்காரர்கள் அதற்குச் சிரிப்பதில்லை, இன்னும் கவனமாகக் கேட்கிறார்கள்.


அரூர்க்காரன்

எல்லாம் சரி. ஆனால் செவிலி அக்கா சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, சொல்லியே ஆக வேண்டும்.

எலும்பை முடக்கும் இந்த நோயை நெல்லூர்ப் பக்கம் கண்டு 1937-இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அன்றைக்கு நெல்லூரும் நம் சேலம் ஜில்லாவும் ஒரே சென்னை மாகாணம். ஒகேனக்கல் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008-இல், தண்ணீர் திறந்தது 2013-இல். 1,928 கோடி ரூபாய், ஜப்பான் கடன். நடுவில் எழுபது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. எத்தனை தலைமுறைப் பல்லும் எலும்பும் போயிருக்கும்? ஊருக்குள் மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தால் சென்னைக்கு எப்போது கேட்கும்? பத்திரிகையில் வராமல், சட்டசபையில் பேசாமல் குழாய் வந்திருக்குமா? படம் போட்டது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சத்தம் போட்டது தப்பில்லை.


கிராமச் செவிலி

தம்பி, சத்தம் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றியத்தின் பெயரைச் சொல்லுங்கள், அளவைச் சொல்லுங்கள், எத்தனை தொட்டியில் போர் நீர் கலக்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளையின் முகத்தையும் தெருவின் பெயரையும் விட்டுவிடுங்கள். அது இல்லாமலும் சத்தம் கேட்கும்.

டீச்சரிடம் ஒரு வேண்டுகோள். மேடம் வருவதாக இருந்தால், சபைக்கு முந்தைய நாளே பெண்களை மட்டும் அங்கன்வாடியில் கூட்டுங்கள். சபையில் ஆண்கள் முன்னால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். இடுப்பு வலி, கால் மரத்துப்போவது, எல்லாம் அங்கேதான் வெளியே வரும். நானும் வருகிறேன்.


பாறையும் நீரும்

வருகிறேன். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக்கே வைத்துக்கொள்ளலாம், அன்றைக்குத் தண்ணீர்தானே பேச்சு. நிறுவனத்தில் எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிட்டே வருகிறேன். மறுத்தால் எழுத்தில் மறுக்கட்டும்.

அதற்கு முன் புது மாதிரி வேண்டும், என் பழைய எண்களை வைத்துப் பேச விருப்பமில்லை. பிள்ளைகளை வைத்தே எடுக்கலாம். கண்ணாடிப் பாட்டில் வேண்டாம், கழுவி உலர்த்திய பிளாஸ்டிக் பாட்டில் போதும். மோட்டார் போட்டவுடன் பிடிக்காமல், குழாயில் தேங்கிய நீர் போகும் வரை ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலை அலசிவிட்டுப் பிடியுங்கள். போரில் ஒன்று, தொட்டியில் ஒன்று, வீட்டுக் குழாயில் ஒன்று, தனித்தனியாக. தேதியும் நேரமும் எழுதுங்கள். அன்றைக்குத் தொட்டியில் ஏற்றியது காவிரியா, போரா, இரண்டுமா என்று ஆபரேட்டரிடம் கேட்டு அதையும் எழுதி ஒட்டுங்கள். எங்கள் கட்டுரைகளில் இல்லாத தகவல் அது.


பாலக்கோட்டு விவசாயி

மேடம், எங்கள் ஊர்ப் போர் இரண்டு இருக்கிறது. ஒன்று மாட்டுக்கு மட்டும்தான் வைத்திருக்கிறோம். அதையும் பிடித்து வரலாமா? போன வருஷத்திலிருந்து கறவை மாடு ஒன்று எழுந்திருக்கவே சிரமப்படுகிறது.


பாறையும் நீரும்

கட்டாயம் கொண்டுவாருங்கள். மாட்டுக்கும் பல்லிலும் எலும்பிலும் பாதிப்பு வரும். போர் எத்தனை அடி என்பதையும், மாடு எத்தனை வருடமாக அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்பதையும் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள். மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் முதலில் காட்டுங்கள், தண்ணீர்தான் காரணம் என்று இப்போதே முடிவு செய்துவிட வேண்டாம்.